அந்தச் சாயங்காலம் அவர் எங்கே இருந்தார்?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். டவுன் ஓரத்தில் ஒரு சின்னத் தெருவில் நானும் என் மாமியாரும் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ரயிலேறி வருவார். எனக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்தையும் புகுந்த வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

அந்த வருஷம் எங்கள் தெருவைத் திருட்டுப் பயம் பிடித்து ஆட்டியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் அலைந்த நேரம். துலக்கி வைத்த குடம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். கொடியில் காயும் சேலையை யாரோ உருவிக்கொண்டு போவார்கள். பட்டப்பகலிலேயே இப்படி. தெருக்காரர்கள் கூடிப் போய் முறையிட்ட பிறகு, எங்கள் பக்கம் ஒரு போலீஸ்காரரைப் பாரா போட்டார்கள். அவர் முதல் நாளே வீடு வீடாக நின்று சொன்ன சேதி இதுதான்: “கடைசி வீட்டு வண்டிக்காரன் ஒரு கேடி. பாத்து சூதானமா இருந்துக்கங்க.”

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் ஒற்றை மாட்டு வண்டியில் விறகு ஏற்றி விற்பவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். எப்போதோ ஒரு திருட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவராம். அப்படிப்பட்டவர்கள் தினமும் பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷனுக்குப் போய் முகம் காட்டிவிட்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இது தெரிந்ததிலிருந்து அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். தெருவில் எந்தச் சாமான் காணாமல் போனாலும் எல்லோர் கண்ணும் அந்தக் கடைசி வீட்டைத்தான் பார்க்கும்.

திருவப்பூர் மாரியம்மன் கோயில் தேர் அன்று தெருவே கிளம்பிப் போய்விட்டது. எனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற தைரியத்தில் என் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போனார். வெயில் இறங்க ஆரம்பித்த நேரத்தில் எனக்கு இடுப்பு வலி எடுத்தது. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டிலிருந்தும் பதில் இல்லை. அப்போது விறகை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு அந்த மனிதர்தான் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தினார்.

“என்ன தாயி செய்யுது? வீட்ல யாரும் இல்லீங்களா?”

உள்ளே ஆள் இருக்கிறது என்று பொய் சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் வலி வெட்டி இழுத்ததில் அலறிவிட்டேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டியில் கிடந்த வைக்கோலை உதறிப் பரப்பினார். எங்கள் வீட்டு முக்காலியை எடுத்து வண்டிக்குப் பின்னால் போட்டார். என்னைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டு, “மெல்ல ஏறுங்க” என்றார். நான் ஏறியதும் வீட்டைப் பூட்டி, சாவியை என் பக்கத்தில் வைத்தார். “இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

வண்டி கிளம்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகும் வீதியில் கொஞ்ச தூரம் போனதும், அவர் சட்டென்று மாட்டை ஒரு சந்துக்குள் திருப்பினார். ஆள் நடமாட்டமே இல்லாத சந்து. எனக்கு உயிரே போய்விட்டது. “இங்கிட்டு எங்கே போறீங்க?” என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “கழுத்துல காதுல கெடக்கறதக் கழட்டி மடியில முடிஞ்சுக்கங்க தாயி.”

சரி, தீர்ந்தோம் என்று நினைத்தேன். நகையோடு விடுவாரா, என்னையும் எங்காவது தள்ளிவிட்டுப் போவாரா? கத்தினால் கேட்க ஒரு நாதி இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு கையால் மடியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அந்தச் சந்து அவ்வளவு நீளமா என்று இன்று வரைக்கும் எனக்குத் தோன்றும்.

சந்து முடிந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்க மதில் தெரிந்தது. “வீதி பூராத் தேர்க் கூட்டம். வண்டி நுழையாது. தேர் அன்னைக்குக் களவாணிப் பயலுக இந்தச் சந்துலதான் பதுங்குவானுக. அதான் கழட்டச் சொன்னேன்” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி ஆயா ஓடி வந்து என்னை இறக்கிக்கொண்டு போகும்போது பார்த்தேன். அவர் மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. “யாராச்சும் ஒராளு கூட இருக்கணுமே” என்று ஆயா சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை அழுத சத்தத்தைக் கேட்ட பிறகுதான் வண்டிக்காரர் எழுந்து போனார் என்று ஆயா சொன்னாள். அவள் சொல்லி அனுப்பி என் மாமியார் அலறியடித்துக்கொண்டு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. “கேடி வண்டியில தனியா வந்தேன்னு எங்கயும் வாயத் தெறக்காத. யாரும் கேட்டா ஜட்கா பிடிச்சு வந்தேன்னு சொல்லு” என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தேருக்குப் போன நேரத்தில் அவள் வீட்டுக் கொல்லைக் கதவைப் பெயர்த்து அண்டா, குத்துவிளக்கு, முகூர்த்தப் பட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்களாம். “அந்தக் கேடிப் பயதான். சாயங்காலம் ஸ்டேஷனுக்கே வரலையாம். இருட்டினப்புறம் ஒண்ணுந் தெரியாதவனாட்டம் போயி நின்னுருக்கான். பிடிச்சு வச்சு உரிக்கிறாங்க. சாமானை எங்க பதுக்கினான்னுதான் சொல்ல மாட்டேங்கறான்.”

என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்கே இருந்தார் என்று எனக்கும் ஆயாவுக்கும் என் மாமியாருக்கும்தான் தெரியும். ஆயாவுக்கு அவர் வெறும் வண்டிக்காரர். அவரே ஏன் சொல்லவில்லை? கண்ணை மூடினால் அவரை அடிக்கிற சத்தம் கேட்பது போலவே இருந்தது.

அதற்குள் நான் வீடு திரும்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், “நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்று கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். “நீங்க பாத்தீங்களா? அன்னைக்கு நீங்க திருச்சியிலல்ல இருந்தீங்க?” என்று ஸ்டேஷனில் கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

“அப்ப நான்தான் போகணும்” என்றேன். பிள்ளை பெற்ற உடம்போடு, தீட்டோடு, போலீஸ் ஸ்டேஷனுக்கா என்று என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் குறுக்கே நிற்கவில்லை. அவரே போய் ஜட்கா கூட்டி வந்தார்.

இருவரும் ஸ்டேஷன் படியேறினோம். உள்ளே அந்த மனிதரை ஒரு மூலையில் குந்தவைத்திருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். “தாயி, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?”

ஏட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.  வைக்கோலில் ஆரம்பித்து வேப்பமரம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏட்டையா ஒரு போலீஸ்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆயாவை விசாரித்து வரச் சொன்னார். பிறகு வண்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஏண்டா, ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு மட்டும் சொன்னியே. யாரைக் கூட்டிப் போனேன்னு ஏன் சொல்லல?”

“குடும்பப் பொம்பள பேரை டேசன்ல எதுக்குங்க சொல்லணும்?”

“போறதுக்கு முன்ன இங்க வந்து சொல்லிட்டுல்ல போகணும்?”

“சொல்லிட்டுப் போயிருந்தா புள்ள வண்டியிலயே பொறந்திருக்கும்ங்க.”

 போலீஸ்காரர் திரும்பி வந்து, ஆயாவும் அப்படியேதான் சொல்கிறாள் என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு போகும்படி வண்டிக்காரரிடம் ஏட்டையா சொன்னார், அவ்வளவுதான். அடித்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. நாளையிலிருந்து நேரத்துக்கு வா என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திருட்டைச் செய்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஒன் வாயாலதான் அவனை விட்டாங்க, எங்க சாமானும் போச்சு” என்று ஒரு தடவை சொல்லியும் காட்டினாள். தெரு ஒன்றும் மாறிவிடவில்லை. வண்டிக்காரரை எல்லோரும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். அடுத்த வருஷமே அவர் வண்டி மாட்டை விற்றுவிட்டு, கொடும்பாளூர்ப் பக்கம் யாரோ உறவுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என் மகளுக்கு இன்று பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறார்கள். எனக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் நாலு பேர் சேர்ந்து ஒருவரைக் காட்டி “அவன்தான்” என்று சொல்லும்போது, அந்த நேரத்தில் அந்த மனிதர் வேறு எங்கோ, யாருடைய உயிருக்காகவோ ஒரு மரத்தடியில் காத்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றி, ஐந்தாவது ஆளாகத் தலையாட்ட எனக்கு இன்னும் மனசு வருவதில்லை.