ஆலங்கட்டி பெய்யாத தொங்கட்டான்

கல் கைக்கு வந்ததும் அதை மேலுதட்டின் மீது வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணாடியென்றால் உடனே சூடேறிவிடும். நிஜக் கல் கொஞ்ச நேரம் சில்லென்றே வீம்பு பிடிக்கும். "இது கல்லு" என்றோ "இது சோடா பாட்டில்" என்றோ தீர்ப்பு வரும்வரை கல் விற்க வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தப் பழக்கம் தொழிலோடு நிற்பதுமில்லை. புதிதாக வாங்கிய கோப்பையும், பக்கத்து வீட்டில் பதிக்க வந்து இறங்கிய தரை ஓடும்கூட அந்த உதட்டுக்குத் தப்பவில்லை.

தெருவில் அவருக்குக் கல்லக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அழைத்தால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் நடந்துபோவார்.

அவர் செய்யும் தொங்கட்டான்கள் எதிர்ச் சாரியிலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கும் ரகம். உள்ளங்கையில் பாதியளவு செவ்வந்திக்கல், அதன் கீழே ஆரஞ்சுக் கோமேதகம், அதற்கும் கீழே பச்சை ஜேட் என்று மூன்று மாடி கட்டுவார். இடதும் வலதும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. கேட்டால், "ரெண்டு காதும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தாப் போதும், எதுக்கு இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும்?" என்பார். இவ்வளவு ஆர்ப்பாட்டமான நகை செய்கிறவர் உடுத்துவதென்னவோ சாம்பல் நிறப் பருத்திச் சட்டை. துவைத்துத் துவைத்து அதுவும் வெளுத்துவிட்டது.

கைக்கு வந்த வித்தை வாய்க்கு வரவில்லை. சனிக்கிழமைதோறும் பெரிய கார் நிறுத்துமிடத்தில் கூடும் சந்தையில் கல்லக்காவுக்கு ஒரு மேசை உண்டு. யாராவது ஆசையாக ஒரு ஜோடியை எடுத்துக் காதருகே பிடித்தால் போதும், "அதுல ஒரு கீறல் இருக்கு, பாத்துக்கோங்க" என்று ஆரம்பித்துவிடுவார். "உங்க முகத்துக்கு இது கொஞ்சம் பெருசு" என்று ஒருத்தியை நேராகவே திருப்பி அனுப்பியிருக்கிறார். நேர்மை நல்ல குணம்தான். ஆனால் அதை மேசைமேல் பரப்பி வைத்தால் யாரும் வாங்குவதில்லை.

வாங்க வைத்தவர் அண்ணி. கல்லக்காவின் அண்ணன் மனைவி. அதே கீறலை விரல் நுனியால் தடவி, "கீறலா? இது பொறந்த இடத்து அடையாளம்மா. இன்னொருத்தி காதுல இதே கோடு இருக்குன்னு காட்டு, நான் சும்மாவே தர்றேன்" என்பார். வேண்டாமென்று போனவள் பாதி வழியில் திரும்பி வருவாள். வருஷக்கணக்காக இப்படித்தான் மேசை நடந்தது: அண்ணி முன்னால், கல்லக்கா பின்னால்.

பிறகு அண்ணிக்கு இடது காது மந்தமாகி, மருத்துவர் ஒரு காது மிஷின் மாட்டிவிட்டார். தோல் நிறம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். யாருடைய தோல் என்று தெரியவில்லை. அதோடு அண்ணி சந்தைக்கு முழுக்குப் போட்டுவிட்டார். "தோடு விக்கிறவளோட காதத்தான் முதல்ல பாப்பாங்க. என் காதுல என்ன இருக்கு பாத்தியா? ஸ்க்ரூ கழண்ட ரேடியோ மாதிரி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் வேறு, மிஷின் வந்த பிறகும் பழைய ஞாபகத்தில் தெருவே கேட்கும்படி "சாப்பிட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கல்லக்கா சமாதானம் சொல்லத் தெரியாதவர். ஆகவே குறடை எடுத்தார். மிஷினை முழுசாக மூடுகிற மாதிரி ஒரு தொங்கட்டான். காது மடலைச் சுற்றி வெள்ளிச் சங்கிலி, சங்கிலி நெடுகக் குட்டிக் குட்டிக் கற்கள், கீழே கொத்தாக நீலமும் பச்சையும். அவர் இதுவரை செய்ததிலேயே அழகானது அதுதான். அண்ணி கண்ணாடி முன் நின்று மாட்டினார், முகம் மலர்ந்தது, இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிப் பார்த்தார்.

அடுத்த நொடி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, கழட்டு! தகரக் கூரையில ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்குடீ!"

தொங்கட்டானும் மிஷினும் சேர்ந்தே மேசை இழுப்பறைக்குள் போயின. அதுவரை வீட்டுக்குள்ளாவது மாட்டிக்கொண்டிருந்தவர், இப்போது அதையும் விட்டார். உதவி செய்யப் போய் இருந்ததையும் கெடுத்தாயிற்று. மறுநாள் அண்ணன் வாசலில் நின்று, "நீ செஞ்ச நகையால இப்ப நான்ல இன்னும் சத்தமா கத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லக்கா இரண்டு நாள் குறடைத் தொடவில்லை. பிறகு அண்ணி வீட்டுக்குப் போய், "அந்த மிஷின ஒரு நாளைக்குக் குடுங்க" என்றார்.

"எதுக்கு? உனக்கும் காது போச்சா?"

"குடுங்க, சொல்றேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து காதில் செருகினார். அளவு சேராததால் அது விசில் அடித்தது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. விரலால் அழுத்திப் பிடித்ததும் விசில் நின்றது. சாப்பாட்டு மேசையில் தன் சரக்கையெல்லாம் பரப்பி, ஒவ்வொரு ஜோடியாகக் காதருகே ஆட்டத் தொடங்கினார். ஜேட் மணியடித்தது. அகேட் கல் பல்லைக் கடித்தது. சங்கிலி மிஷினின் மேல் உரசியபோது யாரோ பீரோவை இழுப்பது போலிருந்தது. இத்தனை வருஷமாகக் கல்லை உதட்டால் பார்த்தவர், கண்ணால் பார்த்தவர், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், அதைக் காதால் பார்த்ததே இல்லை. காதில் மாட்டுகிற பொருள்! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு செய்ததில் சங்கிலி கிடையாது, கொத்து கிடையாது. இலை மாதிரித் தட்டையான ஒரே பெரிய பச்சைக் கல். அதன் குறுக்கே தேன் நிறத்தில் ஒரு கோடு. மேலே இரண்டு சின்னச் சிவப்புக் கற்கள், பட்டு நூலில் கோத்தவை. ஒன்றோடொன்று முட்டாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முடிச்சு. மிஷின் பக்கமே எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணி மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். இன்னொரு தடவை பலமாக ஆட்டினார்.

"சத்தத்தையே காணோமே!"

"வராது."

"ஆனா மிஷின மறைக்கலையே நீ?"

"நான் தோடு செய்யறவ அண்ணி. திரை தைக்கிறவ இல்ல. மறைச்சா ஆலங்கட்டி. பரவாயில்லையா?"

அண்ணி கண்ணாடிப் பக்கம் திரும்பி, காதை இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியில், "ஒரு மணி நேரம் வர்றேன். எவளாவது காதையே உத்துப் பாத்தா எழுந்து போயிடுவேன், ஆமா" என்றார்.

சனிக்கிழமை காலை உத்துப் பார்க்க ஒருத்தி வரத்தான் செய்தாள். தோளில் லேப்டாப் பை, கையில் காப்பி. மேசையிலிருந்த எதையும் தொடாமல், பின்னால் ஒரு பெட்டியின் மேல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணியின் இடது காதையே பார்த்தாள். முன் நாற்காலியில் இருந்த கல்லக்கா அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க போட்டிருக்காங்களே, அது மாதிரி இருக்கா?"

"அதுல ஒரு கோடு..." என்று கல்லக்கா ஆரம்பித்தார்.

"அந்தக் கோடுதாங்க அழகு" என்றாள் வந்தவள். பிறகு அண்ணியைப் பார்த்துத் தயங்கி, காதுக்கு மேலே விரலைக் காட்டி, மிஷினைப் பார்த்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல் குரலை உயர்த்தினாள். "மேல இருக்கே, அதுவும் இதோட சேர்ந்ததா?"

அண்ணி மெல்ல எழுந்து முன்னால் வந்தார்.

"மெதுவாவே பேசும்மா, நல்லாக் கேக்குது. மேல இருக்கறது என் காதுக்குக் காது, அத விக்கறதா இல்ல. கீழ இருக்கறதப் பத்திப் பேசலாமா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் காதிலிருந்ததைக் கழற்றத் தொடங்கினாள்.

கல்லக்கா நாற்காலியை விட்டு எழுந்து, அதைக் காலால் அண்ணி பக்கம் தள்ளிவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தார்.