குப்பம்மாள் என்ற பெயருக்கு என்ன குறைச்சல்?

வெள்ளிக்கிழமை மாரியம்மன் சந்நிதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆத்தா மன்னிக்கட்டும். இன்னும் ஆறவில்லை... இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

என் ஒரே மகள் குப்பம்மாளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, இரண்டு குடும்பமும் அர்ச்சனைக்குப் போயிருந்தோம். குருக்கள் பெண்ணின் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் முந்திக்கொண்டார் — "சுலோசனான்னு சொல்லுங்க."

யார் அந்தச் சுலோசனா?

"கல்யாணப் பத்திரிகையிலயும் அப்படியே போட்டுருங்க, சம்பந்தி. கோர்ட்டுல எங்கூட இருக்குற துரைமாருங்க அர்த்தம் கேட்டா என்னத்தச் சொல்றது? குப்பைன்னா?"

ஆமாம், குப்பைதான்! எங்களுக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. நாலாவது இவள். பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தினோம் — யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டுமே! பக்கத்துவீட்டுக் கீரைக்காரி, இந்த நாட்டு அன்னாமியப் பெண் பா ஹாய் வந்து எடுத்தாள். மாட்டுத் தவிட்டில் ஒரு படி கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டோம். இந்த வழக்கத்தை அவளுக்கு எப்படி விளக்குவது என்று நான் திணற, அவள் தன் பாஷையில், "தெரியும், தெரியும். பேரையும் அசிங்கமா வை. நாங்களும் அப்படித்தான்" என்றாள்.

அவளுக்குப் புரிந்தது. நம்மவருக்குக் கூசுகிறது!

"மூணைப் புதைச்சுட்டு நாலாவதுக்கு வெச்ச பேருங்க அது. ஆத்தாவுக்கு இவள அந்தப் பேர்லதான் தெரியும்" என்றேன். "சரி, உங்க பேரு என்னங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே... பிச்சைமுத்து."

"அதுக்குத் துரைமாருங்ககிட்ட என்ன அர்த்தம் சொன்னீங்க?"

அவர் மனைவிதான் பட்டென்று போட்டு உடைத்தார்: "இவுங்களுக்கு முன்னாடி ரெண்டு போயிருச்சாம். எங்க மாமியா ஏழு வீட்டுல மடியேந்தி, அந்த அரிசியில கஞ்சி ஊத்தித்தான் இவுங்கள உசுரோட வெச்சாங்களாம். ஊர்ல, காரைக்கால்ல எல்லாருக்கும் தெரியுமே!"

குருக்கள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "பேரு சொல்லுங்கோ..."

"குப்பம்மாள்" என்றாள் என் மகள். சந்நிதியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி!

சம்பந்தி தலை குனிந்தபடியே குங்குமம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சுலோசனா பேச்சே இல்லை.

பத்திரிகை அச்சாகிவிட்டது. குப்பம்மாள் என்றே, கொட்டை எழுத்தில். முதல் பத்திரிகை பா ஹாய்க்கு.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியும்!