அப்பா தூங்கும்போது நடந்த கூட்டம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பையனின் அம்மா, வீட்டுக்காரர், பெங்களூரிலிருந்து ஜீப்பில் வந்த டாக்டரம்மா, மூலை அறையில் தனிக்கட்டையாகக் குடியிருந்த தேன்கனிக்கோட்டை எலக்ட்ரீஷியன், அப்புறம் நான். பையனும் இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்; எருமைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். வராதவர்கள் இரண்டு பேர். தலைமை ஆசிரியர் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு வரவில்லை. பையனின் அப்பா வர முடியாது. எங்களுக்கு நாலு எட்டு தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் கூட்டம் முழுவதும் கிசுகிசு குரலிலேயே நடந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ சாவு வீடு என்று நினைத்திருப்பார்கள்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. ஆறு வயதுப் பையனைச் சேலம் பக்கம் இருக்கும் வாய்பேசாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதா, அம்மாவிடமே விட்டுவைப்பதா.

இதில் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அது தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிவரை போய் வந்துவிட்டதால் ஊரில் எல்லோரும் என்னைத் தாசில்தாராகப் பார்க்கத் தயாராக இருந்தார்கள். நானோ ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் மனநலக் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். வேலை இதுதான்: ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில் சைக்கிளில் சுற்ற வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, குடிகார அப்பனிடம் அடிபடும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒருநாள் சூளகிரியில் நடக்கும் முகாமுக்குக் குடும்பத்தோடு கூட்டிவர வேண்டும்.

"இத்தினி படிச்சது பைத்தியத்தப் பாக்கத்தானாடா?" என்று என் அம்மா கேட்டாள். அப்பா அதற்கும் மேல். எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் "பையன் ஆஸ்பத்திரில இருக்கான்" என்று பெருமையாகச் சொல்லுவார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பெண் வீட்டார் நான் ஏதோ நோயாளி என்று நினைத்துக்கொண்டு காபியோடு அனுப்பிவிடுவார்கள். லைன் வீடுகளில் எனக்கு 'பைத்தியக்கார சார்' என்று பெயர். நான் அதைத் திருத்த முயன்றேன். 'மனநலம்' என்பதைப் பற்றி ஒரு தெருவில் அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, "புரிஞ்சிச்சு பைத்தியக்கார சார்" என்றார்.

பையன் இருந்த லைன் வீட்டில் வரிசையாக ஆறு அறைகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். இந்தப் பக்கம் ஒருவர் இருமினால் அந்தப் பக்கத்துக்காரர் "தண்ணி குடிங்கண்ணே" என்பார். குடியிருந்தவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். ஆறு மணி ஷிப்டு, ரெண்டு மணி ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மூன்றிலும் ஆள் உண்டு. ஆகவே எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தூங்கப் போகிறவர் கதவின் நாதாங்கியில் தன் துண்டைத் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் லைன் முழுவதும் வாய் மூட வேண்டும். ரேடியோ கிடையாது, அம்மி கிடையாது, சண்டை கிடையாது. சண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் நெடுஞ்சாலை ஓரம் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். இதை யாரும் மீற மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்குத் தூங்க வேண்டியவர் அவரே. எனக்கு அந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்னுடைய மாத அறிக்கையில் 'சமூக ஒற்றுமை' என்ற தலைப்பில் அதைப் பாராட்டிக்கூட எழுதினேன்.

பையனின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா வார்ப்படக் கம்பெனியில் நிரந்தர ராத்திரி ஷிப்டு. அதற்குத் தனியாகப் படி உண்டு என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டது. அம்மா பகலில் பேக்கிங் வேலைக்குப் போவாள். பையன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பகலெல்லாம் தூங்குகிற அப்பாவோடு ஒரே அறையில் இருந்தான். "ஸ்ஸ்" என்பதுதான் அவன் அதிகம் கேட்ட சொல். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். வாய் திறக்கவில்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்த்தான். அடித்தும் பார்த்தார்கள், சத்தமில்லாமல் அழுதான்.

"இது ஊமைக் கேஸு. அதுக்குன்னு ஸ்கூல் இருக்குது, அங்க சேத்துடுங்க. லெட்டர் நான் தரேன்" என்றார் தலைமை ஆசிரியர்.

அப்பா சரி என்றுவிட்டார். அம்மா மட்டும் ஒப்பவில்லை. "தம்பி, அவன் பேசுதான். எங்கிட்டப் பேசுதான். ராத்திரி காதுக்குள்ள வந்து அம்புட்டுக் கதையும் சொல்லுதான்" என்று என்னிடம் சொன்னாள்.

நாங்கள் யாரும் நம்பவில்லை. பயிற்சியில் எனக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பெற்ற மனது பிள்ளையின் குறையை ஏற்காது. நான் ரொம்பப் பொறுப்பாக, ரொம்ப அன்பாக அந்த அம்மாவுக்கு அதை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பெரிய படிப்புப் படிச்சவுக. ஆனா காது எனக்குல்லா இருக்கு" என்றாள்.

முகாமுக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார், தமிழில் கேட்டார், பொம்மை கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். பையன் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். காதுக்குப் பின்னால் சாவியைக் கீழே போட்டதும் சட்டென்று திரும்பினான். "காது நல்லாத்தான் இருக்கு. விடுதிக்கு அவசரப்பட வேண்டாம், அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். ஆனால் தலைமை ஆசிரியருக்கு அவசரம். ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததும் இடம் போய்விடும், அதற்குள் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று என்னையே அனுப்பினார்.

நான் ஆயுதபூஜை அன்று போனேன். அன்றைக்கு எந்தக் கம்பெனியிலும் மிஷின் ஓடாது. மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஆறு கதவும் திறந்து கிடந்தன. ஒரு துண்டுகூடத் தொங்கவில்லை. நாலு ரேடியோ நாலு பாட்டுப் பாடின. வீட்டுக்காரர் தன் மொபெட்டைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பெரிய சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தார். பையனின் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் வீட்டுக்காரரின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, மொபெட்டின் வாழைக்கன்றைத் தின்றுவிட்டு மாலையில் வாயை வைத்தது.

முதலில் பார்த்தது பையன். அவன் கத்தினான். கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. தெலுங்கில் அந்த எருமையின் தாயைப் பற்றிச் சொன்னான். கன்னடத்தில் தகப்பனைப் பற்றிச் சொன்னான். தமிழில் நேரடியாக எருமையைப் பற்றியே சொன்னான். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. எல்லாம் தண்ணீர்க் குழாயடியில் காத்து நிற்கும் பெரியவர்களிடம் சேகரித்த சரக்கு. ரேடியோவெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன.

அப்பா எழுந்து நின்றார். மகன் பேசி அன்றுதான் கேட்கிறார். பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனிடம் மெல்லக் கேட்டார், "தெலுங்குல என்ன சொல்லுதான்?"

எலக்ட்ரீஷியன் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் யோசித்தார். "எருமைய அந்தாண்ட போகச் சொல்றான்ணா."

"அம்புட்டு நீளமாவா?"

"மரியாதையா சொல்றான்ணா."

அம்மா நேராக வந்தாள். அப்பாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அதில் சுண்டலை மடித்து என்னிடம் கொடுத்தாள். நான் தின்றேன்; வேறென்ன செய்வது.

ஆனால் மறுநாள் கம்பெனிகள் திறந்தன, துண்டுகள் தொங்கின, பையன் மறுபடி வாயை மூடிக்கொண்டான். நான் நடந்ததைச் சொன்னபோது தலைமை ஆசிரியர் சிரித்தார். "எருமைகிட்ட பேசினா நான் என்னா பண்ணட்டும்? வகுப்புல பேசட்டும், வெச்சுக்கறேன். விடுதில சொல்லி இந்த மாசக் கடைசி வரைக்கும் இடத்த நிறுத்தி வெக்கறேன்."

அதனால்தான் டாக்டரம்மா முகாம் முடிந்த கையோடு ஜீப்பை லைன் வீட்டுக்கு விடச் சொன்னார். அதனால்தான் அந்தக் கூட்டம்.

டாக்டரம்மா சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். துண்டைப் பற்றி நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, எங்களைப்போலவே குரலைத் தாழ்த்தி, "இவனுக்கு மாத்திரை வேண்டாம். கதவு இருக்கிற இடத்துல பேசக் கூடாதுன்னு கத்துக்கிட்டான். பள்ளிக்கூடத்துக்கும் கதவு இருக்கு. வீட்டுக்குள்ளேயே தினம் கொஞ்ச நேரம் அவன் கத்தணும், யாரும் 'ஸ்ஸ்' சொல்லக் கூடாது. விடுதிக்கு அனுப்பினா இதோட போச்சு" என்றார்.

வீட்டுக்காரர் பதறினார். "வீட்டுக்குள்ளயா? ஏம்மா, மத்த ரூம்காரன் எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடுவான்!" பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. நாங்கள் எல்லாரும், டாக்டரம்மா உட்பட, ஒரே நேரத்தில் "ஸ்ஸ்" என்றோம். தொட்டிமேல் இருந்த பையன் தோளைக் குறுக்கிக்கொண்டான். டாக்டரம்மா அதைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

"ஊருக்கு அனுப்பிடேன்மா, ஆத்தா அப்பன் இருக்காங்கல்ல உனக்கு" என்றார் வீட்டுக்காரர், இப்போது காற்றுக் குரலில்.

"அதுக்கு விடுதியே தேவல. பெத்தது நானு, பேச்சக் கேக்கது ஊர்க்காரவுகளா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். "மேடம், எங்க ஊர்ல ராகி பயிர் ஏறினா யானை எறங்கும். விடிய விடிய தகரம் தட்டுவோம். ஒருத்தன் தட்டுவான், இன்னொருத்தன் அவன் காலடியிலயே தூங்குவான். எனக்கு சத்தம்லாம் ஒண்ணுமில்ல. என்னுது மூலை ரூம். ஒரு பக்கம் ரோடு, லாரி சத்தத்துல இவன் கத்தறது எங்க கேக்கப்போவுது? இந்தப் பக்கம் ரெண்டாவது ரூம் போன வாரம் காலியாயி கீது. நான் அதுக்கு வந்துடறேன், அக்கா மூலைக்குப் போகட்டும். நடுவுல நான் படுத்துக்கறேன், சுவரு மாதிரி."

வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மூலை ரூமுக்கு ஜன்னல் இருக்குதே. வாடகை முப்பது ரூபா ஒசத்தி ஆச்சே."

"நீ இவ்ளோ நாளா எங்கிட்ட அத வாங்கினியே, ஜன்னலு தொறக்குமா?"

"தொறக்காது. ஆனா இருக்குதில்ல."

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அறை மாறினால் மட்டும் போதாது, பகலில் அப்பா அதே அறையில் தூங்கினால் பையன் எங்கே போனாலும் வாயைத் திறக்க மாட்டான். அப்பா ராத்திரி ஷிப்டை விட வேண்டும். அது அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எல்லாரும் சாத்திய கதவைப் பார்த்தோம். உள்ளே குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்ப ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. துண்டு தொங்கும்போது எழுப்புவது அங்கே திருட்டைவிடப் பெரிய குற்றம்.

"எழுப்ப வேண்டாம்" என்றாள் அம்மா. "நா சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. அவுக பகல் ஷிப்டு கேப்பாக. படி போனாப் போவுது. கேக்கலன்னா அவுகள விடுதில சேத்துருதேன்."

நான் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் கண்விழித்த அப்பா, தான் அறையும் ஷிப்டும் மாறிவிட்டதைத் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பய பேசினாச் சரி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. மூலை அறையில் முதல் வாரம் பையன் கதவை உற்றுப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அம்மா வேண்டுமென்றே சட்டியைக் கீழே போட்டாள். அப்பா, கூச்சத்தோடு, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டைக் கத்திப் பாடினார். எலக்ட்ரீஷியன் சுவருக்கு அந்தப்பக்கம் நிம்மதியாகத் தூங்கினார். ஒருநாள் பையன் "பாட்டு நல்லால்ல" என்றான். அதே மாதக் கடைசியில் வகுப்பில் வருகைப் பதிவின்போது அவன் "உள்ளேன் ஐயா" என்று கத்தியதில் அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தாராம்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் போனபோது தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். விடுதிக் கடிதத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். அதோடு ஒரு புகாரும் வைத்தார்: "வகுப்புல வாய மூடவே மாட்டேங்கறான்பா. உங்க டாக்டரம்மாகிட்ட இதுக்கு ஏதாச்சும் இருக்குதா?"

நான் அந்தக் குடும்பத்தின் கோப்பை மூடும்போது, ஆன செலவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அம்மாவிடமே கேட்டேன். அவள் விரல்விட்டுச் சொன்னாள். திறக்காத ஜன்னலுக்கு முப்பது ரூபாய். இல்லாமல் போன ராத்திரி ஷிப்டுப் படி நாற்பத்தைந்து. மாதம் எழுபத்தைந்து ரூபாய்.