கண்ணாடிக் கதவில் ஒரு பெயர்

கணவர் இறந்த பிறகு ஸ்டிக்கர் கடையைத் தனியாளாக நடத்திவந்த அந்தப் பெண்ணை அவளுடைய அண்ணன் இன்றும் ‘அவசரக்குடுக்கை’ என்றுதான் கூப்பிடுவார். போன வாரம் அவள் அந்தப் பட்டத்துக்கு முத்திரையே குத்திவிட்டாள். கடைக் கம்ப்யூட்டர் பழசு, புது விண்டோஸ் அதில் ஏறாது என்றார்கள். அவள் கலங்கவில்லை. டிசைன்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டாள்.

அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அமைத்ததை அழிக்க எப்படி மனசு வந்தது என்றார். கடைசியில் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டரின் புது கிளினிக் திறப்பு. அதற்குள் அதன் கண்ணாடிக் கதவில் அவள் வெட்டித் தர வேண்டிய பெயர் ஏறாவிட்டால், கடைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் வீட்டோடு இருக்க வேண்டும்.

“சரிண்ணா,” என்றாள். ஆனால் அந்தச் சாவியில்தான் அவள் உயிரே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டிங் மெஷின் புது சிஸ்டத்தின் சொல்லை முதல் தடவையிலேயே கேட்டது. தங்க நிற ஸ்டிக்கர் ரோலில் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடியது. வேவு பார்க்க வந்த அண்ணனுக்கே முகம் மலர்ந்துவிட்டது. வெட்டி வந்த எழுத்துகளைப் பார்த்த அவளோ திருதிருவென்று விழித்தாள்.

“ஏன் முழிக்கிற? அழகாத்தானே இருக்கு. நானே மூக்குக்கண்ணாடி இல்லாம படிச்சிட்டேன்.”

“அதான்ணா தப்பு. நீங்க படிச்சிருக்கவே கூடாது.”

வெயிலிலும் மழையிலும் உரியக் கூடாது என்று அந்தக் கடையில் எல்லாப் பெயரையும் கண்ணாடியின் உள்பக்கம்தான் ஒட்டுவார்கள். வெளியே நிற்பவருக்கு நேராகத் தெரிய வேண்டுமென்றால், இடவலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். கடை திறந்த நாளில் கணவர் பழைய சிஸ்டத்தில் ‘திருப்பி வெட்டு’ என்ற சின்னப் பெட்டியில் டிக் போட்டு வைத்தார். பதினோரு வருடம் அதுதான் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். டிசைன்களைக் காப்பாற்றியவள் அந்த ஒரு டிக்கை அழித்துவிட்டாள்.

கண்கள் குளமாயின. ரோலில் மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு பெயருக்கு. பழைய விண்டோஸையே போட்டுவிடலாம், ஆளைக் கூப்பிடுகிறேன் என்று அண்ணன் போனை எடுத்தார்.

“வேண்டாம்ணா. மெஷின் நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. இத்தனை நாள் அவர் சொல்லிவச்சாரு. இனிமே நான் சொல்றேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிசைனைத் திருப்பினாள். முதலில் கழிவுத் துண்டில் ஒரே ஓர் எழுத்தை வெட்டிப் பார்த்தாள். பிறகு தங்க ரோலை மாட்டினாள்.

கிளினிக் கதவுக்கு உள்ளே நின்று அவள் ஒட்டினாள். வெளியே நின்ற அண்ணன் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பிறகு மெல்ல உள்ளே வந்து கையை நீட்டினார்.

“குடு.”

சாவி இருந்த இடுப்பை அவள் கை தன்னையறியாமல் பொத்தியது.

“அந்தத் தேய்க்கிற தகட்டைக் குடு, அவசரக்குடுக்கை. மேல் மூலையில காத்துக் குமிழி நிக்குது. உனக்கு எட்டாது.”