தனக்கோடி எந்தத் தரப்பு

தனக்கோடி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சூளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் நடுவில் அரசாங்கத்தின் பொதுச் சூளை இருக்கிறது. சுரங்கம்போல நீளமான சூளை. பச்சைச் சாமான் அடுக்கிய இரும்பு வண்டி ஒரு வாய் வழியாக உள்ளே போகும். மறு வாய் வழியாக வெந்த பீங்கானோடு வெளியே வரும். சுற்றிலும் உள்ள சின்னச் சின்ன ஷெட்டுக்காரர்கள் யாருக்கும் சொந்தச் சூளை கிடையாது. இன்று உன் வண்டி, நாளை என் வண்டி என்று முறை வைத்துத்தான் வேகவைத்துக்கொள்வார்கள். ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல. முறை தவறினால் சண்டை, முறை வந்தால் சமாதானம். பேட்டையில் வேறு சட்டம் கிடையாது.

அந்த வண்டிகளை அடுக்கித் தள்ளுவது மாமாவின் வேலை. தினக்கூலி. எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிக்காக நிலம் கொடுத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் மாமா விருத்தாசலம் வந்து, முதலில் களிமண் மூட்டை தூக்கி, பிறகு வண்டி அடுக்கப் பழகினார். அத்தை காசியம்மாள் ஒரு ஷெட்டில் கூலிக்குப் போய்க் கைப்பிரஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த ஷெட்டுக்காரர் தொழிலை விட்டுவிட்டுச் சேத்தியாத்தோப்புக்கே திரும்பிப் போனபோது, அத்தை அதைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டாள். பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறாள். முதலில் அவளோடு இரண்டு பெண்கள்.

மாமா தொழிற்சங்கத்துக்கு உபதலைவரும்கூட. அது எப்படி ஆனார் என்றால், சங்கம் தொடங்கிய அன்று உரக்கப் பேசியவர்கள் எல்லாம் தலைவர், செயலாளர் என்று எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தவரை உபதலைவராகப் போட்டார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சிதம்பரத்தில் பி.ஏ. பொருளாதாரம். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போனால் என் அப்பா பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் படித்த பொருளாதாரத்துக்கு விருத்தாசலத்தில் கிடைத்த வேலை, ஷெட்டு முதலாளிகள் சங்கத்தில் குமாஸ்தா.

எழுபத்துநாலாம் வருடம். அரபு தேசத்தில் எண்ணெய் விலை ஏறி, எண்ணெயில் எரியும் எங்கள் சூளை வரைக்கும் அதன் சூடு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஆடி மாதத்தில்தான் விருத்தாசலத்தில் ஒரு முத்தரப்பு மாநாடு நடத்துவது என்று முடிவாயிற்று. தொழிலதிபர்கள், தொழிலாளர், அரசு என்று மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து நாட்டுப் பொருளாதாரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும். சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி வருகிறார். கல்யாண மண்டபம் பிடித்து, மூன்று பக்கமும் நாற்காலி போட்டு, மூன்று துணியில் எழுதிக் கட்டியாயிற்று.

அந்தச் சமயத்தில் மாமாவுக்கு ஒரே ஒரு கவலைதான். சூளையில் ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. மேனேஜர் அவர் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தச் சென்னை அதிகாரி. ஆனால் ஒரு விதி இருந்தது. நிரந்தர ஊழியரின் வீட்டார் அதே சூளையில் சொந்தச் சாமான் வேகவைக்கக் கூடாது. தினக்கூலிக்கு அந்த விதி கிடையாது. மாமா அதை யாரிடமும் பேசாமல், பேசாவிட்டால் அது தானாகவே போய்விடும் என்பதுபோல இருந்தார்.

மாநாட்டுக்கு முதல் நாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, மேனேஜர் கூப்புட்டு, கவருமெண்டு பக்கம் வந்து ஒக்காரு, பெரிய ஐயா ஒன்ன பாக்கட்டும்ங்கறாரு. எங்க சங்கத்து விருத்தகிரி வந்து, நீ உபதலைவரு, நம்ம பக்கம் ஒக்காரலன்னா மானம் போயிடும்ங்கறான். ஒங்க செகரெட்டரி இருக்காரே கோவிந்தராசு, அவரு வூட்டுக்கே வந்துட்டாரு. மொதலாளிங்க பக்கம் ஆளு கொறையுது, ஒங்க வூட்டுக்காரம்மாவுக்குப் பதிலா நீங்க வரணும்ங்கறாரு. வரலன்னா ஷெட்டு முறைய தள்ளி வெச்சிடுவாங்க போல இருக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு பேருக்கும் வரேன்னுதான் சொன்னேன்."

"அது எப்படி மாமா முடியும்?"

"ஏன் முடியாது? காலையில ஒரு கூட்டம், டீக்கு அப்புறம் ஒரு கூட்டம், சோத்துக்கு அப்புறம் ஒரு கூட்டம்னு நீதான சொன்ன? முறை வெச்சி ஒக்காந்துட்டா போவுது."

நான் சிரித்தேன். ஆனால் சிரித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அதில் என்ன தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று தரப்பு என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். மூன்றும் ஒரே ஆளாக வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொன்னபடியே செய்தார். காலையில் தொழிலாளர் பக்கம், விருத்தகிரிக்குப் பக்கத்தில், கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் பணவீக்கம் பற்றிப் பேசினார். விலை ஏறுவதால் கூலி ஏறுகிறதா, கூலி ஏறுவதால் விலை ஏறுகிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டும்தான் என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

டீ குடித்துவிட்டு வந்ததும் மாமா முதலாளிகள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். விருத்தகிரி எட்டிப் பார்த்தான்.

"யோவ் தனக்கோடி, டீ குடிக்கப் போன எடத்துல மொதலாளி ஆயிட்டியா? அந்த டீய எங்களுக்கும் குடுக்கச் சொல்லுய்யா."

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அதில் கேலி இருப்பது அவருக்கு உறைக்கவில்லை. கோவிந்தராசு எழுந்து, எண்ணெய்த் தட்டுப்பாடு தீரும்வரை தொழிலாளர்கள் போனஸ் கேட்காமல் நாட்டுக்காகத் தியாகம் செய்ய வேண்டும் என்றார். தியாகத்தை முதலாளிகள் முதலில் செய்யட்டும் என்று எதிர்ப் பக்கத்தில் சத்தம் வந்தது. இரண்டு தரப்பும் செய்யத்தான் வேண்டும் என்று அரசுப் பக்கத்தில் ஒருவர் அமைதியாகச் சொன்னார். யாரோ ஒருவர் தியாகம் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் மாநாட்டில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சாப்பாட்டிலும் மூன்று பந்தி போட்டுவிட்டார்கள். மாமா எந்தப் பந்தி முறை என்று தெரியாமல் நின்று நின்று பார்த்துவிட்டு, சமையல்காரர்களோடு பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிற்பகல் வந்து மேனேஜருக்குப் பின்னால் அரசு நாற்காலியில் உட்கார்ந்தார். சென்னை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

கடைசியில் ஒரு நிலைக்குழு அமைக்க வேண்டும் என்றார்கள். தரப்புக்கு ஒருவர். தொழிலாளர் சார்பில் யார் என்று கேட்டதும் விருத்தகிரி எழுந்து, "தனக்கோடிங்க" என்றான். காலையிலிருந்து நடந்ததற்குப் பழிவாங்கச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா, தெரியாது.

கோவிந்தராசு எழுந்துவிட்டார். "அவரு எப்படிங்க தொழிலாளர் ஆவாரு? ஷெட்டு வெச்சிருக்காரு. எங்க சங்கத்துல சந்தா கட்டறவரு."

"சூளையில வண்டி தள்றது யாரு, ஒங்க மாமனாரா?" என்றான் விருத்தகிரி.

அதிகாரி கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். மாமாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க. நீங்க எந்தத் தரப்பு?" என்றார்.

மாமா எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். என்னைத் தேடினார். நான் முதலாளிகள் பக்கம் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் தலையை ஆட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"காலையில தொழிலாளிங்க. டீக்கு அப்புறம் மொதலாளி. சோத்துக்கு அப்புறம் கவருமெண்டு. என் முறை முடிஞ்சி போச்சிங்க ஐயா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதிகாரி சிரிக்கவில்லை. மேனேஜரிடம் குனிந்து, "நிரந்தரத்துக்கு எழுதி அனுப்பினது இவர் பேரைத்தானா?" என்று கேட்டார். மேனேஜர் தலையாட்டினார்.

"ஷெட் யார் பேர்ல இருக்கு?"

மாமா நினைத்திருந்தால் யாருடையதோ என்று சொல்லியிருக்கலாம். "எம் பொஞ்சாதி பேர்லதாங்க" என்றார்.

"அப்போ ரெண்டுல ஒண்ணுதான். வேலை வேணுமா ஷெட் வேணுமான்னு யோசிச்சு நாளைக்குள்ள மேனேஜர்கிட்ட சொல்லுங்க," என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபமில்லை. பிறகு நாட்டுப் பொருளாதாரத்தின் எதிர்காலம் ஒளிமயமாக இருக்கும் என்று முடித்துவைத்தார்கள். நிலைக்குழுவில் மாமாவின் இடத்துக்கு வேறு யாரோ போனார்.

சாயங்காலம் ஷெட்டில் அத்தை பிரஸ்ஸை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நெரந்தரம்னா என்னா வரும்?"

"மாசச் சம்பளம். லீவு. வயசான காலத்துல பென்ஷனு."

"எண்ணெய் இல்லாம சூளைய நிறுத்திட்டா?"

"நிறுத்தினாலும் சம்பளம் குடுப்பாங்க போல இருக்குது."

"போல இருக்குதா, குடுப்பாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ இதத்தான படிச்ச. எது நிக்கும் சொல்லு. சூளையா, ஷெட்டா?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சூளை நின்றால் ஷெட்டும் நிற்கும். பச்சைச் சாமானை யார் வாங்குவார்கள்? ஷெட்டுகள் எல்லாம் நின்றால் சூளையும் நிற்கும். வெறும் வண்டியை எத்தனை நாள் தள்ளுவார்கள்? மூன்று வருடம் படித்த படிப்பில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வழியும் இல்லை. "தெரியல மாமா" என்றேன்.

"பி.ஏ.வுக்கே தெரியல," என்றாள் அத்தை. குத்தலாக இல்லை, சற்று ஆறுதலாகவே சொன்னதுபோல இருந்தது. "அப்ப கொளஞ்சியப்பர் கோயில்ல போயி பிராது எழுதிக் கட்டிட்டு வா. அவராவது தீர்ப்பு சொல்லட்டும்."

"அவருகிட்ட கட்டணும்னா எதிராளி யாருன்னு சொல்லணும். யார சொல்றது?"

அத்தை பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தாள். ஒரு கட்டை விழுந்தது. அடுத்ததற்குக் களிமண்ணை வைத்தாள். "நான் இந்தப் பிடிய வுட்டுட்டு மறுபடியும் கூலிக்குப் போவ மாட்டேன். அது மட்டும் எனக்குத் தெரியும். மத்தத நீ பாத்துக்க."

மறுநாள் காலை நானும் அவரோடு சூளைக்குப் போனேன். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னய்யா முடிவு பண்ணின?"

"ஷெட்டு இருக்கட்டுங்க சார்."

"நல்லா யோசிச்சியா? இது மறுபடியும் வராதுய்யா."

"இல்லீங்க, நெரந்தரத்த யாருக்கும் குடுத்துடாதீங்க. கொஞ்ச நாளு, நெலம என்னாவுதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

"அது என்ன பஸ்ஸு சீட்டா, துண்டு போட்டு வெக்கிறதுக்கு?"

மாமா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு வண்டி அடுக்கப் போனார்.

அந்த மாதக் கடைசியில் திட்டக்குடிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அந்த வேலை போயிற்று. அவருக்கு வண்டி அடுக்கக் காட்டிக்கொடுத்ததும் மாமாதான். மழைக்காலத்தில் எண்ணெய் வராமல் சூளை சில நாள் அணைந்தது. அப்போது ஷெட்டில் பச்சைக் கட்டைகள் கூரை வரை குவிந்தன. மாமாவுக்கும் கூலி இல்லை. திட்டக்குடிக்காரருக்குச் சம்பளம் வந்தது. அடுத்த வருடம் மின்சார வாரியத்து ஆர்டர் ஒன்று வந்து, ஷெட்டில் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அப்போது திட்டக்குடிக்காரர் வந்து, தன் மனைவிக்கும் ஒரு பிரஸ் வேலை கிடைக்குமா என்று அத்தையிடம் கேட்டுவிட்டுப் போனார்.

செய்தது சரிதானா என்று போன வாரம்கூட நான் கேட்டேன். வண்டியில் கடைசி அடுக்கை வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இந்த மாசம் சரிதான் மாப்ள. அடுத்த மாசம் எண்ணெய் வரட்டும், அப்புறம் கேளு."