பேனரில் எந்த டீமைப் போடுவது?

டேவிட் அண்ணா, இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ இல்லாததால் எல்லோரிடமும் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நடந்தது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சர்ச்சில் நடக்கும் ஒரு மாத நினைவுப் பூசைக்காகத் தெருமுனையில் பேனர் வைக்க வேண்டும். எங்கள் பக்கம் இறந்தவரின் போட்டோவுக்குப் பின்னால் அவருக்குப் பிடித்ததைப் போடுவார்கள். அண்ணனுக்குக் கிரிக்கெட். அவனுடைய ஆட்டோ ஸ்டாண்டுக் கூட்டாளிகள் இரண்டு பேரோடு பேனர் கடைக்குப் போனேன்.

"பழைய வெஸ்ட் இண்டீஸ் டீமப் போடுங்க" என்றேன்.

எல்லாக் காலத்துக்கும் பெரிய டீம் எது என்று நானும் அவனும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். நான் ஆஸ்திரேலியா. தொடர்ந்து மூன்று உலகக் கோப்பை ஜெயித்தவர்களாயிற்றே! அவன் விடமாட்டான். "அந்த நாலு பாஸ்ட் பவுலருங்க முன்னாடி உங்காளு நிக்கட்டும், பாக்கலாம்" என்பான்.

ஒரு கூட்டாளி என் தோளைத் தட்டினார். "தப்பு மச்சா. உங்கண்ணன் ஆஸ்திரேலியா கட்சி. எங்கிட்ட வெஸ்ட் இண்டீஸைக் கழுவிக் கழுவி ஊத்துவான்."

"சும்னே இருங்கப்பா ரெண்டு பேரும்" என்று கன்னடம் கலந்து அதட்டினார் இன்னொருவர். "இந்தியாதான்னு எங்கிட்ட சத்தியமே பண்ணான். சவாரிய விட்டுட்டு சண்ட போட்டிருக்கோம்."

கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "செத்தது ஒருத்தரா, மூணு பேரா?"

எனக்குக் கோபம் வந்தது. என் அண்ணனைப் பற்றி இவர்கள் எப்படிப் பொய் சொல்லலாம்? வெளியே வந்து அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அதுவா? நீ எதச் சொல்றியோ அதுக்கு எதிரா ஒண்ணு சொல்லுவாரு. அப்பா போனப்புறம் நீ யார்கிட்டயும் பேசாம கெடந்தியே. சண்ட போடவாவது வாயத் தொறக்கட்டும்னாரு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. ஸ்டாண்டுலயும் அப்படித்தான்."

அந்த பவுலர்களைப் பற்றிப் பேசும்போது அவன் கண் அப்படி மின்னுமே, அதுவும் எனக்காகத்தானா? இல்லை, உண்மையிலேயே பிடிக்குமா? அண்ணிக்கும் தெரியவில்லை.

கடைசியில் எந்த டீமையும் போடவில்லை. காக்கிச் சட்டையில் அவன் சிரிக்கிற போட்டோ மட்டும்தான்.

இப்போது யாராவது ஆஸ்திரேலியாதான் பெரிய டீம் என்றால், நான் வெஸ்ட் இண்டீஸுக்காகச் சண்டைக்குப் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறேன், அவன் ஆசைப்பட்டது அதுதானே.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.