பூவில் வாங்கிய தோப்பு

நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. சித்தூருக்குக் கூடை தூக்க வந்தவன், இன்று அதே ஊரில் சொந்தமாக மாங்காய் மண்டி நடத்துகிறேன். இன்று கைக்கு வரும் ரூபாயும் ஆறு மாதம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்ல என்பதைக் காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்களாம். எனக்கு அது பதினைந்து வயதிலேயே தெரியும். தெரிந்ததுதான் வினை.

அந்த ஆகஸ்டில் மாங்கூழ் ஃபாக்டரி எனக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டது. அதில் இரண்டு லட்சம் புத்தலப்பட்டு விவசாயி ஒருவனுடையது. வருஷக்கணக்காக எனக்கே காய் போடுகிறவன், அவசரப்படுத்த மாட்டான் என்று, அதைத் திருப்பதி ஏஜென்ட் ஒருவர் மூலம் பாண்டில் போட்டேன். கம்பெனிக்கு நாம் கடன் கொடுக்கிறோம்; வட்டி வரும், கெடு முடிந்தால் முதல் வரும். அவ்வளவுதான் பாண்டு.

பொங்கல் முடிந்து அவன் வந்தான். மனைவிக்குத் திருப்பதியில் ஆபரேஷன்.

"வெள்ளிக்கெழமக்குள்ள கட்டணுமாம்ணா."

வெளியே போய் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"இப்ப வித்தா ஆறாயிரம் நஷ்டம் சார். புது பாண்டெல்லாம் அதிக வட்டி தருது. உங்க பழசை முழு வெலைக்கு யாரு வாங்குவாங்க?"

ஆறாயிரம். மனசு வரவில்லை. உள்ளே வந்து, "ஃபாக்டரிக்காரன் இன்னும் குடுக்கலடா" என்றேன்.

"அப்ப தோப்பப் பூவுலயே எடுத்துக்கண்ணா. நல்லா பூத்துகீது." பூத்திருக்கும்போதே விலை பேசிப் பணம் கொடுத்துவிட்டால், அந்த வருஷக் காய் முழுக்க வாங்கினவனுக்கு.

"பூவ நம்பி இன்னாடா குடுக்கறது? காத்தடிச்சா கொட்டிப்பூடும். ஒரு லட்சம் தர்றேன்."

"நீ சொன்னா சரிண்ணா."

பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு லட்சத்தை நான் அவனுக்குத் தர வேண்டிய பாக்கியிலேயே கழித்திருக்கலாம். தோன்றாமல் இல்லை.

ஜூனில் அந்தத் தோப்புக் காய், கூலியும் வண்டியும் போக, இரண்டரை லட்சம் கொடுத்தது. பாண்டின் கெடுவும் முடிந்திருந்தது; அவனுடைய பழைய இரண்டு லட்சத்தையும் பைசா குறையாமல் கொடுத்தேன். அன்று அவன் மனைவி நாட்டுக்கோழிக் குழம்போடு வந்திருந்தாள். "இந்த அண்ணன் இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல" என்று மண்டியில் எல்லாரிடமும் சொன்னாள்.

"எங்க மொதலாளியா? ஒரு காய் ஓசில தரமாட்டாரே" என்றான் எடை போடுகிறவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"துன்னுட்டுப் பாத்திரத்தக் குடுண்ணா" என்று அவள் எதிரிலேயே நின்றாள். முழுக்கத் தின்றேன்.

மழை பிடித்த பிறகு ஒருநாள், அந்தத் தோப்பில் கிடைத்த லாபம் ஒன்றரை லட்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"எதுக்குண்ணா இது?"

சொன்னால் ஃபாக்டரிப் பொய் வெளியே வரும். ஊரெல்லாம் என் நாணயத்தைப் பேசித் திரிகிறவன் நான். "வர்ற வருஷப் பூவுக்கு அட்வான்ஸ்டா" என்றது வாய்.

"மரத்துல எலதான் கீது. எலையப் பாத்து எவண்ணா காசு குடுப்பான், உன்னத் தவிர?"

திருப்பிக் கொடுக்கப் போன பணத்தில் அவனுடைய அடுத்த வருஷத் தோப்பையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 'காய் உனக்குத்தான்' என்று அவனிடம் சொல்ல அடுத்த ஜூன்வரை நேரம் இருக்கிறது. சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.